மலைக்குரலும் மடிக்கணினியும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யான் என் ஊராகிய ஏற்காட்டிற்குச் சென்றிருந்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை அடைந்தால், அங்கே மூடுபனியும் காப்பித் தோட்டங்களும் நம்மை வரவேற்கும். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். எங்கள் வீட்டிற்கு அப்பால், மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் ஒன்றில், எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பழைய பாட்டுகள் பல அவர் நினைவில் இருந்தன. யான் மடிக்கணினியையும் ஒலிவாங்கியையும் சுமந்து சென்று அவர் திண்ணையில் அமர்ந்தேன். அவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் பாடினார். எழும்போது என் கையைப் பற்றி, "போய்ட்டு வா கண்ணு, இன்னும் ஒண்ணு இருக்குது" என்றார்.

இரவில் வீடு வந்து அப்பதிவைக் கேட்டேன். நெஞ்சு துணுக்குற்றது. சில நொடிகளுக்கு ஒரு முறை 'டிக்' என்னும் ஓசை. ஒவ்வோர் ஓசையிலும் பாட்டின் ஓரசையேனும் அறுந்திருந்தது. பொங்கலுக்குச் சென்று மீண்டும் பதிவு செய்துகொள்வேம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பொங்கலுக்கு யான் சென்றபோது திண்ணை இருந்தது, பாட்டி இல்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அறுந்த பதிவே. குற்றம் யாருடையது? கணினியுடையதன்று, அதனுள் இருந்த மென்பொருளுடையதும் அன்று. வேலை இன்னதென்று எண்ணாமல் கருவியைத் தேர்ந்த என்னுடையதே. லினக்ஸ் வழங்கல்களுள் எல்லாவற்றினும் பெரியதாகவும், எண்ணற்ற இசைக்கருவிகளைத் தன்னுள் அடக்கியதாகவும் தோன்றிய ஒன்றை, இரண்டு கிகாபைட்டு நினைவகமே உடைய பழங்கணினியில் நிறுவினேன். பிறகு, மிகச் சிறிய எண்ணே மிக உயர்ந்த திறமைக்குச் சான்று என்று கருதி, ஒலியைக் கணினி வாங்கும் அளவை மிகக் குறைத்து வைத்தேன். பாட்டி பாடிக்கொண்டிருந்த வேளையில் கணினி பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தது. இம்மூன்று பிழைகளும் சேர்ந்தே பாட்டை அறுத்தன.

ஆதலின், ஒலிப்பணிக்கு லினக்ஸைத் தேர்வதும் அமைப்பதும் எங்ஙனம் என்பதைப் பற்றி என் கருத்தை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைக்கத் துணிகிறேன். என் கருத்து இதுவே: புகழ் பெற்ற வழங்கலை நாடற்க, நிலைபேறுடைய எளிய வழங்கலைத் தேர்க, அதை ஒரு முறை செவ்வனே அமைத்தபின் தொடாது விடுக.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இத்தொழில்நுட்பப் பேச்சு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். விடை கூறுவேன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள், பெயரைக் கேட்டோர் எண்ணுவதுபோல், கேரள நாட்டினர் அல்லர். அவர்கள் மொழி தமிழே. காஞ்சியிலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அவர்களைப் பற்றிய செய்திகள் உள. அவர்தம் தமிழில் ஒலிக்கும் நீட்டலும் குறுக்கலும் சமவெளித் தமிழில் கேட்பதற்கு அரியவை. இவற்றை ஏட்டில் எழுதிக் காட்டல் இயலாது. சார்லஸ் கோவர் என்பார் 1871-ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்னும் நூல் 1958-இல் வெளிவந்தது. அவர்களுக்குத் தமிழுலகம் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் அச்சில் நிற்பது சொல்லே; பாடியவர் குரல் அதில் நிற்பதில்லை.

குரலைப் பிடித்து வைக்கும் முயற்சியும் நம் நாட்டில் பழையதே. சர் ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் அளவைக்குத் துணையாக, 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகள் பல கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பெற்றன. பெரும்பாலும் கெட்ட குமாரன் உவமையே அம்மொழிகளில் சொல்லப்பெற்றது. ஒரே கதை, பல நாவுகள். பதிவு செய்தோரும் பேசியோரும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் அக்குரல்களை இன்று இணையத்தின் வாயிலாக நாம் கேட்கலாம். அக்காலத்தில் அரசாங்கமும் பெருங்கருவிகளும் வேண்டியிருந்த அப்பணியை, இன்று ஒரு மாணவன் தன் தோட்பையிற் கொண்டு செல்லலாம்.

இனி, "கைப்பேசி போதாதோ?" என்னும் தடை எழும். கைப்பேசியை யான் பழிக்கமாட்டேன். ஒன்றும் இல்லாததினும் கைப்பேசிப் பதிவு பன்மடங்கு நன்று. ஆயினும் பெரும்பாலான கைப்பேசிகள் பேச்சுக்கென அமைந்தவை. மெல்லொலியைத் தாமே உயர்த்தும். வல்லொலியைத் தாமே தாழ்த்தும். பின்னணியைத் தாமே அழிக்கும். பாட்டில் குரல் தாழ்வதும் உயர்வதும் பொருளுடையன அல்லவா? மேலும், செய்திச் செயலிகளின் வழியே அனுப்பும் குரற்பதிவு சுருக்கப்பெற்றே செல்லும். ஒரு முறை உதிர்ந்த நுண்ணொலி மீண்டும் வாராது.

மற்றொரு தடையும் உண்டு: "புகழ் பெற்ற இசை மென்பொருள்கள் விண்டோஸில் உள்ளனவே!" உள்ளன. அவற்றின் விலையும் உள்ளது. விலை கொடுத்து வாங்குவோரை யான் குறை கூறேன். விடுதியறைகளில் கைமாறும் திருட்டுப் பிரதிகளைப் பற்றியே பேசுகிறேன். ஒருவர் பாட்டை மதித்துக் காக்கப் புறப்படும் நாம், மற்றொருவர் உழைப்பைத் திருடி அப்பணியைத் தொடங்குதல் தகுமோ? 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ இயக்கமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் உட்கருவும் கூடி உருவான இவ்வமைப்பை எவரும் பெறலாம், கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஏழை மாணவனும் நேர்மையோடு ஒலிப்பணி புரிய இஃது இடந்தருகிறது.

லினக்ஸ் என்பது உட்கருவின் பெயரே. அதனோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவது வழங்கல் எனப்படும். அரிசி ஒன்றே, ஆயினும் அதனைக் கொண்டு சமைக்கும் விருந்து இல்லந்தோறும் வேறுபடுவது போல், உட்கரு ஒன்றே ஆயினும் வழங்கல்கள் பல. ஒலிப்பணிக்கெனவே அமைந்தனவும் சில உள. 2007-இல் முதலில் வெளிவந்த உபுண்டு ஸ்டூடியோ அவற்றுள் பெயர் பெற்றது. கிளென் மக்ஆர்தர் என்பாரின் உழைப்பால் உருவான ஏவி லினக்ஸ், ஃபெடோராவின் இசைப் பதிப்பாகிய ஃபெடோரா ஜாம் என்பனவும் உள. புதிய கணினியும் நல்ல இணைய வசதியும் உடையோர், பல கருவிகளைச் சேர்த்து இசையமைக்க விரும்பினால், இவற்றுள் ஒன்றைத் தேர்தல் நன்று. பதிவு, கலவை, செயற்கை இசைக்கருவி ஆகிய எல்லாம் அவற்றில் முன்னரே அமைந்திருக்கும்.

என் நிலை வேறு. என் கணினி, என் பெரியப்பா மகனுக்கு மேல்நிலைப் பள்ளியில் அரசு அளித்தது. தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை யாவரும் அறிவர். அவ்வாறு வழங்கப்பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸ் வழங்கலும் இருந்தது. அது நடுவணரசின் சி-டாக் நிறுவனம் டிபியன் என்னும் வழங்கலை அடியாகக் கொண்டு ஆக்கியது. எத்தனை வீடுகளில் அந்தப் பாஸ் ஒரு முறையேனும் திறக்கப்பட்டது? எங்கள் வீட்டில் திறக்கப்படவே இல்லை. கையிலே வந்த திறவுகோலைக் கதவறியாது எறிந்தோம்.

பாட்டியின் மறைவுக்குப்பின் யான் அந்தப் பாஸின் தாய் வழங்கலாகிய டிபியனையே நாடினேன். இயன் மர்டாக் என்பாரால் 1993-இல் தொடங்கப்பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்களால் காக்கப்பட்டு வருவது அது. அதன் 'நிலைத்த' பதிப்பு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு முறையே மாறும். இடையில் வருவன பெரும்பாலும் பிழைதிருத்தங்களும் காப்புத் திருத்தங்களுமே. புதுமை விரும்புவோர்க்கு இது குறையாகத் தோன்றும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் கண்ணாமூச்சி ஆடும் மலையூரில் இதுவே நிறை. நிறுவத் தொடங்கும்போதே மொழிகளின் அட்டவணையில் தமிழும் நிற்கும். அதனைக் கண்ட அன்று யான் கொண்ட மகிழ்ச்சி சிறிதன்று.

அமைத்த முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, பழங்கணினிக்குப் பளு தராத எக்ஸ்எஃப்சிஇ முகப்பைத் தேர்ந்தேன். இரண்டாவது, ஒலிக்கென இரண்டே மென்பொருள்களைச் சேர்த்தேன். ஒன்று ஆடாசிட்டி; வெட்டுதற்கும் கேட்டுத் திருத்துதற்கும் உரியது. மற்றொன்று, பால் டேவிஸ் என்பார் முதல்வராக நின்று ஆக்கிய ஆர்டர். பல தடங்களில் பதிவு செய்தற்குரியது. (ஆர்டர் என்பது ஈண்டுக் கட்டளை அன்று; ஆர்வம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்.) மூன்றாவது, ஒலிப்பணிக்கு முதன்மை தரும் உரிமையைப் பெற, என் பெயரைக் கணினியின் 'ஆடியோ' குழுவிற் சேர்த்தேன். ஜாக் என்னும் ஒலியிணைப்பு மென்பொருளை நிறுவுவோரிடம், நிகழ்நேர முதன்மை வேண்டுமோ என்று டிபியன் கேட்கும். ஆம் என்று விடையிறுத்தல் வேண்டும். நான்காவது, பதிவு நேரத்தில் வை-ஃபையை அணைத்து, தானாக நிகழும் புதுப்பித்தலை நிறுத்தி, மின்கலத்தில் இயக்கினேன். மின்னேற்றியின் இரைச்சல் ஒலிவாங்கியில் நுழைவது அதனால் ஒழிந்தது.

லினக்ஸ் ஒலியமைப்பின் பெயர்கள் புதியவரை மருட்டும். ஆல்சா என்பது உட்கருவோடு ஒட்டி நின்று ஒலியட்டையை இயக்குவது. ஜாக் என்பது பல மென்பொருள்களைக் கம்பியால் இணைத்தாற்போல் ஒன்றோடொன்று பேச வைப்பது. பைப்வயர் என்பது விம் தைமன்ஸ் என்பார் தொடங்கியது. அன்றாட ஒலியையும் ஜாக்கின் பணியையும் ஒருங்கே ஏற்பது. 2021-இல் ஃபெடோராவின் 34-ஆம் பதிப்பில் இயல்பான ஒலியமைப்பாயிற்று. இவையனைத்தையும் ஒரே நாளில் கற்க வேண்டுவதில்லை. ஆர்டர் ஆல்சாவோடு நேரே பேச வல்லது. ஒற்றை ஒலிவாங்கிக்கு இடையில் தரகர் வேண்டா.

எல்லாவற்றினும் சிறந்த பாடம் தாமதத்தைப் பற்றியது. கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்குவதில்லை; குடத்தில் பிடித்தே கொண்டு செல்கிறது. மலைச்சுனையில் நீர் பிடிப்போரைக் காண்க. சிறு குடம் விரைவில் நிறையும். ஆனால் ஓயாது நடக்க வேண்டும். ஒரு நடை பிந்தினால் நீர் வழிந்து வீணாகும். பெருங்குடம் நிறையச் சற்று நேரமாகும். ஆனால் நடப்பவர்க்கு மூச்சு விட இடமுண்டு. அங்ஙனமே, நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 64 மாதிரிக் குடம் 1.3 மில்லிநொடியில் நிறையும். 1,024 மாதிரிக் குடம் 21.3 மில்லிநொடியில் நிறையும். யான் முன்பு வைத்தது 64. என் பழங்கணினி ஓடி ஓடிக் களைத்தது. வழிந்தோடியது பாட்டியின் குரல்.

சிறு குடம் யாருக்கு வேண்டும்? தம் குரலைக் கணினியின் வழியே அப்போதே கேட்டுக்கொண்டு பாடுவோர்க்கும், விசைப்பலகையை அழுத்திச் செயற்கைக் கருவியை ஒலிப்பிப்போர்க்கும் வேண்டும். நம் பாடகர் குழுவில் ஒரு குரலின் மேல் மற்றொரு குரலைப் பதிவு செய்யும்போது, 10 மில்லிநொடித் தாமதம் பெரும்பாலும் உறுத்தாது. அது மூன்றரை மீட்டர் அப்பால் நின்று பாடுபவர் குரல் நம்மை அடையும் நேரமே. திண்ணையில் அமர்ந்து பாடும் பாட்டிக்கோ தாமதம் ஒரு பொருட்டன்று. அவர் கணினியைக் கேட்டுப் பாடவில்லை. தம் நெஞ்சைக் கேட்டுப் பாடுகிறார். அங்கே பெருங்குடமே அறிவுடைமை. நிகழ்நேர உட்கரு என்னும் அரிய ஏற்பாடு, ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பிற்குப்பின், 2024-இல் வெளிவந்த லினக்ஸ் 6.12-இல் முழுமையாக இடம் பெற்றது. அதனை வியக்கிறேன், எனினும் என் பணிக்கு அது வேண்டுவதன்று. வல்லமை உண்டு என்பதனாலேயே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை.

பதிவின் வடிவமும் எண்ணத்தக்கது. 24 பிட்டு, 48,000 மாதிரி, ஒற்றைத் தடம் என வைத்தால் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 520 மெகாபைட்டு ஆகும். ஃபிளாக் வடிவில் சேமித்தால், ஒலியில் ஒன்றும் குறையாமல், இது பெரும்பாலும் பாதியளவாகும். ஃபிளாக்கின் இலக்கணம் எல்லார்க்கும் திறந்தது; அதனைப் படிக்கும் மென்பொருளை எவரும் எழுதலாம். ஒலியளவின் உச்சம் −12 டெசிபெலை ஒட்டி நிற்குமாறு வைத்தால், குரல் திடீரென உயர்ந்தாலும் சிதையாது. ஒவ்வொரு பதிவோடும் ஊர், நாள், பாடியவர் தந்த விவரம், அவர் அளித்த இசைவு ஆகியவற்றை எளிய உரைக்கோப்பில் எழுதி வைத்தல் வேண்டும். இசைவின்றி எடுத்த குரல் திருடிய பொருளே. படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

லினக்ஸில் குறையே இல்லை என்று கூறுதல் நேர்மையன்று. சில ஒலிக்கருவிகளை ஆக்குவோர் லினக்ஸுக்கென மென்பொருள் தருவதில்லை. தனி மென்பொருள் வேண்டாத, யூ.எஸ்.பி. பொதுவிதிக்கு இணங்கிய கருவியைத் தேடி வாங்க வேண்டும். புகழ் பெற்ற செருகுநிரல்கள் சில இதில் இயங்கா. முதல் வாரம் வாட்டும். யானும் இரண்டிரவு உறங்காதிருந்தேன். ஆயினும் கற்பதற்குத் தமிழிலேயே துணையுண்டு. 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றி நம் மொழியில் எழுதி உதவி வருகிறது. அவ்வாட்டத்தினும் பெரிய பயன் ஒன்றைப் பெற்றேன்: கருவி கெட்டால் ஏன் கெட்டது என்று இன்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் இரவில் அது தெரியாமலே அழுதேன்.

நம் கல்லூரிப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நூலகத்தின் ஒரு மூலையில், கழித்தொதுக்கிய கணினி ஒன்றில் இவ்வமைப்பை நிறுவி, ஓர் ஒலிவாங்கியும் வைத்தருள வேண்டும். பெருஞ்செலவு இல்லை. தோழர்க்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்களே. அவ்வூரில் தாலாட்டோ, ஒப்பாரியோ, நடவுப்பாட்டோ, பழைய கீர்த்தனையோ அறிந்த முதியோர் ஒருவரேனும் இருப்பர். அடுத்த விடுமுறையில் பத்து நிமிடம் அவர் குரலைக் கொணர்வோமாக. புறப்படுமுன் கருவியை வீட்டில் ஒரு முறை சோதிப்போமாக. பதிவு முடிந்ததும் எழுந்து வாராமல், அவர் முன்னிலையிலேயே கேட்டுப் பார்ப்போமாக. அன்று யான் அங்ஙனம் கேட்டிருந்தால் பாட்டி மீண்டும் ஒரு முறை பாடியிருப்பார்.

சென்ற கோடை விடுமுறையில் அச்சிற்றூருக்கு மறுபடியும் சென்றேன். பாட்டியின் மகள் அதே திண்ணையில் அமர்ந்து பாடினார். டிபியன் ஓடியது, குடம் பெரிதாக இருந்தது, ஓரசையும் அறவில்லை. அறுந்த பழம்பதிவையும் அவர்க்குப் போட்டுக் காட்டினேன். அவர் அந்த 'டிக்' ஓசையைப் பொருட்படுத்தவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா குரல்தான்" என்றார். பாட்டி சொன்ன அந்த 'இன்னும் ஒண்ணு' எதுவென்று அவரைக் கேட்டேன். அவர்க்கும் அது தெரியவில்லை.